உல்லையின் நாலு வரி

உல்லையில், அதாவது அறுகம்குடாவில், வந்து இறங்குகிறவர்கள் பையை வைத்த கையோடு கேட்பது ஒன்றுதான்: அடுத்த இரண்டு மூன்று கிழமைக்கு அலை எப்படி? அறை வாடகை, பலகை வாடகை, கொழும்புக்குத் திரும்பும் நாள் எல்லாம் அந்தப் பதிலை நம்பி நிற்கின்றன. அலைச்சறுக்குப் பழக்குவது என் தொழில். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கடை வாசல் கரும்பலகையில் வருகிற கிழமைகளின் நிலவரத்தை எழுதிவைப்பது அந்தத் தொழிலோடு ஒட்டிக்கொண்ட வேலை. ஊர் ஆட்கள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அவர்களுக்குக் கடலே எதிரில் கிடக்கிறது. வெளியூர்க்காரர்தான் படம் பிடித்துக்கொண்டு போவார்கள்.

கரும்பலகையில் நாலு வரி இருக்கும்: மணல், அலை, காற்று, மழை. நாலையும் ஒரே தூரத்துக்கு நீட்டி எழுத முடியாது என்பதை இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் ஒருவர் உணர்வார். சந்தையால் கொண்டுவந்த கூடையில் மீன் பொழுதுபடுவதற்குள் கெட்டுவிடும், கத்தரிக்காய் மூன்று நாள் தாங்கும், அரிசி மாதக்கணக்கில் கிடக்கும். கணிப்பும் அப்படித்தான் கெடுகிறது, ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில். போனில் உள்ள செயலிகளோ பதினாறு நாளுக்கு அலை, காற்று, மழை மூன்றையும் ஒரே கட்டத்துக்குள், ஒரே நிறத்தில், ஒரே தசமப் புள்ளியோடு காட்டுகின்றன. நாளை விடியற்காலைக்கு எவ்வளவு நம்பிக்கையோ அவ்வளவு நம்பிக்கை பதினைந்தாம் நாளுக்கும் இருப்பதுபோல் ஒரு தோற்றம்.

மிக நீண்ட நாள் தாங்குவது மணல். மாரி மழையில் களப்பு நிரம்பி முகத்துவாரம் உடைத்துக்கொண்டு பாயும்போது கரையோர மணல் கலைந்துபோகும். ஏப்ரலில் முதல் அலைகள் வந்தாலும் அவை முனையைச் சுற்றி நீளமாக ஓடாமல் துண்டு துண்டாக உடைவது அதனால்தான். தெற்கிலிருந்து வரும் அலை மெல்ல மெல்ல மணலை முனையோரம் இழுத்துவந்து அடுக்கினால் பிறகு பருவம் முடியும்வரை பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஓகஸ்டில் மணல் நன்றாக இருந்தால் செப்டெம்பரிலும் நன்றாக இருக்கும் என்று துணிந்து எழுதலாம். இந்த வரியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அலைக்கு வருவோம். எங்கள் கரையில் ஓடும் நல்ல அலை எங்கள் கடலில் பிறப்பதில்லை. தெற்கே 40 பாகைக்கும் 55 பாகைக்கும் இடையில், கெர்குலன் தீவுகள் கிடக்கும் அந்த ஆளில்லாத கடலில், மேற்கிலிருந்து கிழக்காக ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் புயல்களில் பிறக்கிறது. அங்கிருந்து இங்கே ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர். அலை எவ்வளவு விரைவாக வரும் என்பதைத் தீர்மானிப்பது அதன் உயரமல்ல. ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர எடுக்கும் விநாடிகள். 18 விநாடி இடைவெளி உள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். ஐந்து நாளில் வந்துவிடும். அதே புயலில் அதே நாள் பிறந்த 12 விநாடி அலை மணிக்கு 34 கிலோமீட்டர்தான் ஓடும். வந்துசேர ஏழு நாளுக்கு மேலாகும். ஆகவே வழியிலேயே அலைகள் தரம் பிரிந்து, நீண்டவை முன்னாலும் குறுகியவை பின்னாலுமாக வருகின்றன.

முன்னால் வருகிறவை உயரம் குறைந்தவை. கடல் தட்டையாகக் கிடக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து அலைகள் சேர்ந்து வந்து அடித்துவிட்டுப் போகும். பழக வருகிறவர்களுக்கு ஆபத்தான நாள் இதுதான். ஓய்ந்திருக்கும் நேரத்தில் பலகையோடு இறங்கிப் பாதித் தூரம் போனபின்தான் கூட்டம் வந்து சேரும். கரும்பலகையில் நான் சிவப்புச் சோக்கால் எழுதுவது பெரிய அலை நாட்களை அல்ல, இந்த முதல் நாளை.

செயலிகள் இல்லாத காலத்திலும் இந்த வருகை ஊருக்குத் தெரிந்தே இருந்தது. கரைவலைக்காரர் இரவில் வாடிக்குள் படுத்திருந்தே சொல்வார்கள். செயலி வந்த பிறகும் ஒருமுறை, வலை நடத்தும் ஒரு தண்டயல், "தம்பி, தெற்கால இரைச்சல் விட்டுவிட்டுக் கேக்குது, நாளைக்கு வலை வளைக்க ஏலாது" என்றார். என் போனில் அப்போது 17 விநாடி காட்டிக்கொண்டிருந்தது. இரைச்சல் விட்டுவிட்டுக் கேட்பதென்றால் அலைக்கும் அலைக்கும் இடைவெளி நீண்டிருக்கிறது என்று பொருள். அவர் காதுக்கும் என் திரைக்கும் ஒரே செய்தி வந்திருக்கிறது.

இந்த அலைக் கணக்கு விளையாட்டுக்காகப் பிறந்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் எந்தக் கரையில், எந்த நாளில் படகுகளிலிருந்து படையை இறக்கலாம் என்று அறிவதற்காக ஹரால்ட் ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் என்ற இருவர் அமெரிக்காவில் வகுத்த முறை அது. 1944 ஜூன் மாத நோர்மண்டி இறக்கத்துக்கும் பயன்பட்டது. போருக்குப் பின் 1950களில் மெக்சிக்கோவுக்கு அப்பால் குவாதலூப்பே தீவருகே மங்க் அலைகளை அளந்தபோது, கண்ணுக்கே தெரியாத அளவு தாழ்ந்த நீளலைகள் கருவியில் விழுந்தன. நீண்டவை முந்தி, குறுகியவை பிந்தி வரும் அந்தத் தாமதத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால் புயல் எவ்வளவு தூரத்தில் அடித்தது என்று கிடைத்துவிடும். கிடைத்த விடை இந்து சமுத்திரத்தின் தென்கோடி. எங்களுக்கு அலை அனுப்பும் அதே கடல்தான் மெக்சிக்கோவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. 1963இல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை கருவிகளை வரிசையாக வைத்து அலையை வழிநெடுகப் பின்தொடர்ந்தார். நான் கரும்பலகையில் எழுதும் இரண்டாவது வரி முழுக்க அவருடைய கணக்கு.

இந்தப் பயண நேரம்தான் எங்களுக்குக் கிடைத்த வரம். ஞாயிறு எழுதும்போது வியாழன் வெள்ளிக்குரிய அலை ஏற்கெனவே பிறந்து நடுச்சமுத்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது; செய்மதிகள் அதன் உயரத்தை அளந்துகொண்டிருக்கின்றன. பத்தாம் நாள் வரவேண்டிய அலை இன்னும் பிறக்கவில்லை. ஆனால் அதை எழுப்பும் புயல் அடுத்த நாலைந்து நாளுக்குள் உருவாகியாக வேண்டும். அதை வானிலை மாதிரிகள் ஓரளவு திடமாகவே சொல்லும். பத்து நாளுக்கான அலைக் கணிப்பு என்பது, உடைத்துப் பார்த்தால், ஐந்து நாளுக்கான புயல் கணிப்பு. பதினைந்தாம் நாள் அலைக்குப் பத்தாம் நாள் புயல் தேவை. அங்கே மாதிரிகள் ஒன்றையொன்று மறுக்கத் தொடங்கும். நடுத்தரகால வானிலைக்கான ஐரோப்பிய மையம் ஒரே கணிப்பைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு 51 தடவை ஓட்டிப் பார்க்கிறது. அந்த 51 கோடுகளும் ஒன்றாகப் போகும்வரை நான் எண் எழுதுவேன். விசிறியாக விரியும் இடத்தில் நிறுத்திவிடுவேன். மூன்றாம் கிழமைக்கு எண்ணே கிடையாது. "ஒரு எண்ணாவது சொல்லுங்கள்" என்று கெஞ்சுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் செயலி இருக்கிறது.

எண் சொல்வதிலும் எந்த எண் என்ற கேள்வி இருக்கிறது. "இரண்டு மீட்டர், 9 விநாடி" என்பதைப் பார்த்து வாயைப் பிளப்பவர்கள் "1.2 மீட்டர், 16 விநாடி" என்பதைத் தாண்டிப்போய்விடுவார்கள். முதலாவது தென்கிழக்குக் காற்று இடையிடையே அள்ளிவிடும் குறுகிய அலை. முனையில் வந்து கலைந்து உடையும். இரண்டாவதன் நீளம் ஆழ்கடலில் 400 மீட்டர். 200 மீட்டர் ஆழத்திலேயே அது தரையை உணரத் தொடங்கி, கரையின் வளைவுக்கேற்ப உடம்பை வளைத்து, முனையிலிருந்து குடாவுக்குள் வரிசை குலையாமல் ஓடும். எங்களுடையவை எல்லாம் முனை அலைகள். அவற்றுக்கு உயரத்தைவிட வளையத் தெரிந்திருப்பது முக்கியம்.

திசையும் அப்படியே. நேர் தெற்கு 180 பாகை. அங்கிருந்து வருவது எங்களை நேரே வந்து சேரும். ஏறத்தாழ 200 பாகையைத் தாண்டித் தென்மேற்கிலிருந்து வந்தால் உகந்தை, குமண, யால என்று நீளும் எங்கள் கரையே அதற்குக் குறுக்கே நிற்கும். நீண்ட இடைவெளி அலை மட்டும் சுற்றி வளைந்து கொஞ்சம் மீந்து வரும். அதே நாளில் தெற்குக் கரையின் வெலிகமையில் அலை அள்ளிக்கொண்டு போகும். மாதிரிகளின் கட்டம் ஒவ்வொன்றும் பல கிலோமீட்டர் அகலம். அந்தக் கட்டத்துக்குள் எங்கள் அலையிடங்களான மெயின் பொயின்ட், பொத்துவில் பொயின்ட், பீநட் ஃபார்ம் எல்லாம் ஒரே புள்ளி. பெரிய அலை வராமல் பொத்துவில் பொயின்ட் ஓடாது, மெயின் பொயின்ட் பாதி அலையிலும் ஓடும் என்பதெல்லாம் எண்ணைப் பார்த்த பிறகு மனிதர் சேர்க்க வேண்டியவை. அலையின் தரத்துக்குச் செயலி போடும் நட்சத்திரங்களை நான் பார்ப்பதே இல்லை. வற்றுப்பெருக்கு எங்கள் கரையில் ஒரு மீட்டரைக்கூடத் தொடாது என்பதால் அதையும் எழுதுவதில்லை.

காற்றுக்கு வந்ததும் கணிப்பின் ஆயுள் சடாரென்று சுருங்கிவிடுகிறது. ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருவதைப் பத்து நாள் முன்னே சொல்லும் நான், முற்றத்தில் வீசுவதை ஐந்து நாளுக்கு மேல் சொல்ல மாட்டேன். மே தொடக்கம் செப்டெம்பர் வரை எங்களுக்கு வாய்த்தது கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையாய் இந்தப் பக்கம் இறங்கும்போது வறண்டு சூடேறிக் கச்சானாகிறது. வயற்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் அது தொல்லை. எங்களுக்கோ தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசி, வருகிற அலையின் முகத்தைத் தடவி நிமிர்த்திப் பிடிக்கும் காற்று. கச்சான் பலமாக இருந்தால் கடற்காற்று பிந்தி எழும், பகல் பன்னிரண்டு மணியிலும் கடல் கண்ணாடியாக இருக்கும். பலமில்லாவிட்டால் பத்து மணிக்கே கடற்காற்று ஏறி அலையைச் சுருக்கிவிடும். பிறகு விடியற்காலை இரண்டு மூன்று மணித்தியாலந்தான் மிச்சம்.

கச்சான் பலக்குமா என்பதற்கு நான் பார்ப்பது வங்காள விரிகுடாவின் வட தலைப்பை. ஒடிசாக் கரைக்கு அப்பால் தாழமுக்கம் விழுந்தால் அது பருவக்காற்றை இழுக்கும்; இலங்கையைக் குறுக்கறுத்து வீசும் காற்று உரக்கும். அடுத்தது ஹற்றனில் இருக்கும் மச்சானுக்கு ஒரு அழைப்பு.

"மச்சான், அங்க மழையா?"

"விடாம பெய்யுது. ஏன், அங்க வெயில் கொளுத்துதாக்கும்."

அவ்வளவு போதும். அவர் நனைந்தால் என் ஆட்கள் மத்தியானம் வரை தண்ணீரில் நிற்கலாம்.

வளிமண்டலவியல் திணைக்களம் கடற்றொழிலாளருக்கு விடும் அறிக்கையையும் தவறாமல் கேட்பேன். அதில் "ஹம்பாந்தோட்டை ஊடாக பொத்துவில் வரையான கடற்பரப்பு" என்று ஒரு வசனம் அடிக்கடி வரும். கொந்தளிப்பு, பலத்த காற்று எல்லாம் அந்த வசனத்தோடு முடிந்துவிடும். வடக்கே வேறு வானிலை தொடங்கும். எங்கள் ஊர் சரியாக அந்த மடிப்பில் இருக்கிறது. எச்சரிக்கை எங்களுக்கா, பக்கத்து ஊருக்கா என்று ஒவ்வொரு தடவையும் வரைபடத்தைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. போட்டில் உகந்தைப் பக்கம் போகிறவர்கள் எச்சரிக்கை தங்களுக்குத்தான் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

மழை வரி இரண்டு நாளோடு நின்றுவிடும். கச்சான் காலத்தில் எழுதவே வேண்டியதில்லை.

ஓகஸ்ட் கடைசிக் கிழமையில் எழுதுவதானால் கரும்பலகை இப்படிப் போகும். மணல்: நிறைந்திருக்கிறது, ஒக்டோபர் வரை கவலையில்லை. அலை: பத்து நாளுக்கு நாளும் விநாடியும் திசையும், அதற்கப்பால், தென்கோடிக் குளிர்காலம் செப்டெம்பரிலும் ஓயாதபடியால் ஒன்று போக இன்னொன்று வரும், எந்த நாள் என்று கேட்கவேண்டாம். இடையில் தென்கிழக்குக் குறுகிய அலை பழகுகிறவர்களுக்குப் போதும். காற்று: இந்தக் கிழமை கச்சான், செப்டெம்பர் நடுவிலிருந்து அது தளரும், விடியற்காலைகள் அமைதியாகும், பிற்பகல் கடற்காற்று கூடும். ஆகவே மாத நடுவில் வருகிறவர் அலாரம் வைத்துக்கொண்டு வரவேண்டும். ஆட்கூட்டம் குறைந்து, அலை குறையாமல் இருக்கும் இந்த இரண்டு மூன்று கிழமையைத்தான் நான் யாருக்கும் முதலில் சொல்வேன். ஜூலையில் மெயின் பொயின்டில் ஒரு அலைக்கு இருபது பேர் காத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும்.

ஒக்டோபரில் காற்று திசை கெட்டு அலையும். பின்னேரத்தில் இடி இடிக்கும். விரிகுடாவில் தாழமுக்கங்கள் தெற்கே இறங்கி உருவாகும். 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பை அழித்ததை வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் நாங்கள். அந்த மாதங்களில் அலைக்காக யாரையும் கூப்பிடுவதில்லை. வாடைக்காற்று நிலைத்துவிட்டால் கடல் கலங்கி, காற்று அலையின் முதுகில் ஏறி நிற்கும். ஒக்டோபர் நடுவுக்குப் பிறகு வந்து நிற்கிறவருக்கு நான் நாலு வரியும் எழுதுவதில்லை. பொத்துவிலில் மொனராகலை பஸ் ஏறி, அங்கிருந்து வெல்லவாய வழியாக மாத்தறைப் பக்கம் இறங்கச் சொல்கிறேன். வெலிகமையில் அப்போதுதான் பருவம் தொடங்கியிருக்கும்.