வளையலும் லொறியும்

வாகனங்களை ஏற்றிச் செல்லும் தொழில் தொடங்க என் தங்கையின் கணவர் ஒரு பழைய லொறியைப் பார்த்து வந்தார். முற்பணத்துக்குத் தங்கையின் வளையல்கள். அவளும் கழற்றிக் கொடுக்கத் தயாராகிவிட்டாள்.

"எத்தனை கிலோ தாங்கும், மச்சான்?" என்றேன்.

"எஞ்சின் நல்லம், பெயின்டும் புதுசு" என்றார்.

பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். சுமையோடு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 5000 கிலோ. இரும்புத் தட்டும் வின்ச்சும் பூட்டிய வெறும் லொறியை நிறுத்துப் பார்த்தால் 3400 கிலோ. மிஞ்சுவது 1600. சின்னக் கார் ஏறும். பெரிய வேன் ஏறாது. துறைமுகத்தில் இறங்கும் கார்களை மட்டும் நம்பவும் முடியாது. 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. வழியில் பழுதாகி நிற்கும் வேனை ஏற்ற முடியாத லொறி தவணையை எப்படிக் கட்டும்?

மச்சான் அதைக் கைவிட்டார். இப்போது, தாங்கும் எடையை முதலில் கேட்டே வேறு லொறி தேடுகிறார். வளையல்கள் இன்னும் தங்கையின் கையில்தான்.

சகோதரிகளே, உங்கள் நகை உங்கள் சொத்து. கணவரின் தொழிலுக்குக் கொடுப்பது நன்மையான காரியம். கொடுக்குமுன் கணக்குக் கேட்பது சந்தேகம் அல்ல. அதுவும் அவருக்குச் செய்யும் உதவியே.