அயோவாவில் ஓட்டுப் போடும் ராத்திரி

மூக்குக்குள் இருக்கிற முடிகூட உறையும் என்று கோயமுத்தூரில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். டி மாய்ன் நகரத்தில் மகள் வீட்டு வாசல் கதவைத் திறந்து மூச்சை இழுத்ததும் உள்ளே சுருக்கென்று குத்தியது. "அது ஒண்ணுமில்லீங்க மாமா, மூக்குல ஐஸ் பிடிக்குது" என்றார் மாப்பிள்ளை, கண்ணில் தூசி விழுந்ததைச் சொல்கிற சாவகாசத்தோடு. பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் முப்பதுக்கும் கீழே. மார்கழியில் காற்று கொஞ்சம் வேகமெடுத்தாலே மஃப்ளர் தேடுகிற ஊர்க்காரன் நான். இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் புரியவே இல்லை.

அன்றைக்கு 2024 ஜனவரி 15, திங்கட்கிழமை. நமக்குத் தைப்பொங்கல். அயோவாவுக்குக் குடியரசுக் கட்சியின் காக்கஸ் நாள், அதாவது ஜனாதிபதி வேட்பாளராக யாரை நிறுத்தலாம் என்று கட்சிக்காரர்கள் ஊர் ஊராகக் கூடி ஓட்டுப் போடுகிற நாள். அமெரிக்க ஜனாதிபதி தேர்தலுக்கான முதல் ஓட்டு இந்த மாநிலத்தில்தான் விழுகிறது. மகள் கரண்ட் அடுப்பில் பொங்கல் வைத்தாள். பால் பொங்கி வழிந்து கருகியதும் கூரையிலிருந்த புகை மணி வீடு அதிர அலறியது. குலவை போட ஆளில்லாத குறையை அதுவே தீர்த்துவைத்தது.

மத்தியானம் காரில் ஊரைச் சுற்றினோம். வெள்ளை, வெள்ளை, எங்கும் வெள்ளை. முழங்கால் உயரப் பனியில் வேட்பாளர் பெயர் எழுதிய சின்னச் சின்ன அட்டைகள் பாதி புதைந்து நின்றன. அவ்வளவுதான் பிரசாரம்! சுவர் விளம்பரம் இல்லை, கட்சிக்கொடி கட்டிய ஆட்டோ இல்லை, 'உங்கள் பொன்னான வாக்குகளை' என்று தொண்டை கட்டிய குரல் இல்லை. தேர்தல் நாளா, ஊரடங்கா என்று கேட்டேன். "வீட்டுக்குள்ள வந்து பாருங்க" என்றார் மாப்பிள்ளை. உண்மைதான். டி.வி.யைப் போட்டால் ஒருவரை ஒருவர் திட்டுகிற விளம்பரம், போனை எடுத்தால் குறுஞ்செய்தி, தபால் பெட்டியைத் திறந்தால் பளபளவென்று அட்டைகள். நம் ஊரில் வாக்குப்பதிவு முடிவதற்கு 48 மணி நேரம் முன்பே மைக்கின் வாயை அடைத்துவிடுவார்கள். இங்கே கடைசி நிமிஷம் வரை பேசலாம். கொஞ்ச நேரத்தில் பார்க்கப்போகிறேன், ஓட்டுப் போடுகிற அறைக்குள்ளேயே பேசலாம்!

பனிப்புயல் வருவதற்கு முன் ஒரு நாள் மாப்பிள்ளை என்னைப் பக்கத்துச் சிற்றூரில் ஒரு பீட்ஸா ராஞ்ச் கடைக்குக் கூட்டிப்போனார். வெண்ணெய், வறுத்த கோழி, ஈரக் கம்பளி எல்லாம் கலந்த வாசனை. ஓட்டுக் கேட்க வந்தவர் விவேக் ராமசாமி. அவருடைய அப்பாவின் ஊர் வடக்கஞ்சேரி. வாளையாறு தாண்டி ஒரு மணி நேரம் போனால் வந்துவிடும். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். ஜனாதிபதி பதவிக்கு நிற்கிற ஆளை ஒரு கை நீளத்தில் பார்க்கிறேன், ஆரத்தித் தட்டு இல்லை, பொன்னாடை இல்லை, தாரை தப்பட்டை இல்லை! கூட்டம் நம் ஊர்க் கிராம சபைக்கு வருகிற அளவுதான். அயோவாவில் 99 கவுண்டிகள், தாலுகா போல. அத்தனையையும் அவர் இரண்டு முறை சுற்றியிருந்தார்.

எனக்கு வாய் பிளந்தது அங்கே கேட்ட கேள்விகளில்தான். தொப்பி வைத்த ஒரு பெரியவர் எழுந்து குழாய்களைப் பற்றிப் பேசினார். இந்த மாநிலமே சோளக்காடு. விளைகிற மக்காச்சோளத்தில் பெரும்பங்கு எத்தனால் ஆலைக்குப் போகிறது. அந்த ஆலைகளின் கரியமில வாயுவைப் பிடித்து, விளைநிலங்களுக்கு அடியில் குழாய் பதித்துக் கொண்டுபோகத் திட்டம். இஷ்டமில்லாதவன் காட்டையும் சட்டம் போட்டு எடுப்பீர்களா என்பதுதான் அவர் கேள்வி. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. இது எங்கள் கெயில் குழாய்க் கதையல்லவா! கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போக வேண்டிய எரிவாயுக் குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்டத்துத் தோட்டங்களைக் கிழித்துக்கொண்டு வர, 'ரோட்டோரமாக் கொண்டு போங்க' என்று எங்கள் ஆட்கள் மறியல் செய்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதே. அதே வயிற்றெரிச்சல், அதே வெயிலடித்த கை. விவேக் அந்தக் குழாய்களை எதிர்த்தே பிரசாரம் செய்துகொண்டிருந்தவர். அவர் சொன்ன பதில் பெரியவருக்குத் திருப்தியா என்று முகத்தில் தெரியவில்லை. ஆனால் கேட்டவர் உட்காரவில்லை. இன்னொரு கேள்வி கேட்டார். அதற்கும் பதில் வந்தது.

அதைப் பார்த்ததும் எங்கள் பக்கத்துக் கதை ஒன்று ஞாபகம் வந்தது. 1996இல் மொடக்குறிச்சித் தொகுதியில் விவசாயிகள் தங்கள் குறையைக் காது கொடுத்துக் கேட்க ஆளில்லை என்று என்ன செய்தார்கள் தெரியுமோ? கூட்டம் கூட்டமாகப் போய் வேட்புமனு போட்டார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள்! ஓட்டுச்சீட்டைப் புத்தகமாக அடிக்க வேண்டியதாகி, தேர்தலே தள்ளிப்போனது. ஜெயித்தது தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். அங்கே ஆயிரம் பேர் வேட்பாளராகி வாங்க முடியாத பதிலை, இங்கே ஒருவர் கோழிக்காலைக் கையில் வைத்துக்கொண்டே வாங்கிவிடுகிறார். அயோவாக்காரர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்பதல்ல. 1972இலிருந்து முதல் ஓட்டு இவர்களுடையது என்றாகிவிட்டதால் வந்த யோகம். மனுஷரைவிடப் பன்றிகள் பல மடங்கு அதிகமான மாநிலம் இது. மக்கள்தொகை 32 லட்சம்தான், ஆனால் வரிசையில் முதலில் நிற்கிறார்கள். கடைசியில் நிற்கிற மாநிலத்து விவசாயியை எந்தக் கடையில் வந்து யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் மாப்பிள்ளை சிரிக்கிறார்.

சாயங்காலம் ஏழு மணிக்குக் காக்கஸ். ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடம். தரை மெழுகு வாசனை, பூட்ஸிலிருந்து உருகி ஓடும் பனித் தண்ணீர். போலீஸைத் தேடினேன், காணோம். மத்தியப் படை, வெப் கேமரா, நீலப் பெட்டியோடு தாசில்தார் ஆபீஸ் ஜீப், எதுவும் இல்லை. இதை நடத்துவது அரசாங்கமே இல்லையாம், கட்சிதான்! மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பெண்மணிகள் அக்கம்பக்கத்துக்காரர்கள். மாப்பிள்ளை அதுவரை எந்தக் கட்சியிலும் இல்லை. அடையாள அட்டையைக் காட்டி ஒரு படிவம் நிரப்பினார். டீ ஆறுவதற்குள் குடியரசுக் கட்சிக்காரர் ஆகிவிட்டார். மெம்பர்ஷிப் கார்டு இல்லை, கரை வேட்டி இல்லை. வேடிக்கை பார்க்க வந்த என்னை ஓர் ஓரமாக உட்காரச் சொன்னார்கள்.

முதலில் நெஞ்சில் கை வைத்துக் கொடி உறுதிமொழி. அப்புறம் ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் எழுந்து பேசினார். பேசியவர்கள் தலைவர்கள் இல்லை. பல் டாக்டர் ஒருவர், ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், காலேஜ் பையன் ஒருவன். டீச்சரம்மா துண்டுக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தார், குரல் நடுங்கியது. எதிர்த்தரப்பு கூச்சல் போடவில்லை, கை தட்டியது! சட்டசபை நேரலை பார்த்துப் பழகிய எனக்கு இதுதான் அன்றைய உச்சக்கட்ட அதிசயம்.

பேச்சு முடிந்ததும் வெற்றுத் துண்டுச் சீட்டுகளைக் கொடுத்தார்கள். பெயர் இல்லை, சின்னம் இல்லை, ஒன்றுமே இல்லை. பிடித்தவர் பெயரைப் பேனாவால் எழுதிக் கொடுக்க வேண்டியது. விரலில் மையும் இல்லை. சேகரித்த சீட்டுகளை ஒரு மேஜையில் கொட்டி, எல்லோரும் பார்க்க எண்ணினார்கள். கள்ள ஓட்டுப் போட எனக்குத் தெரிந்தே நாலு வழி இருந்தது. கூடத்தில் வேறு யாருக்கும் அது தோன்றியதாகத் தெரியவில்லை. எண்ணுகிற வேலையை மட்டும் நம் தேர்தல் ஆணையத்திடம் கொடுத்துவிடச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வேறு சில கூடங்களில் இன்னும் பேச்சே முடிந்திருக்கவில்லை. அதற்குள், ஆரம்பித்து அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும், பக்கத்து நாற்காலிக்காரர் போனைத் தூக்கிக் காட்டினார். டிரம்ப் ஜெயித்துவிட்டார் என்று செய்தி நிறுவனங்கள் அறிவித்துவிட்டன! நாம் ஏப்ரலில் ஓட்டுப் போட்டு ஜூன் வரை நகம் கடிக்கிற ஜாதி. இவர்கள் ஓட்டுப் போடுவதற்கு முன்பே ரிசல்ட் பார்க்கிற ஜாதி. ராத்திரி முழுக் கணக்கு வந்தது. டிரம்ப் 51 சதவீதம், டிசாண்டிஸ் 21, நிக்கி ஹேலி 19. பாலக்காட்டுக்காரருக்கு எட்டுக்கும் கொஞ்சம் குறைவு. அன்று இரவே போட்டியிலிருந்து விலகி டிரம்ப்புக்கு ஆதரவு என்று சொல்லிவிட்டார். இரண்டு முறை 99 கவுண்டியும் சுற்றிய கால் பாவம்.

விழுந்த ஓட்டு மொத்தம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சொச்சம். விளம்பரத்துக்கு மட்டும் செலவான பணம் 12 கோடி டாலருக்கு மேல். கார் சூடாகிற வரை பல் கிடுகிடுக்க வகுத்துப் பார்த்தேன். ஓட்டு ஒன்றுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது, நம் காசில் தொண்ணூறாயிரத்துச் சொச்சம்! நம் ஊரில் ஒரு எம்.பி. வேட்பாளரின் மொத்தச் செலவுக்கே 95 லட்சம்தான் வரம்பு. வரம்பைத் தாண்டுவது வேறு கதை. இங்கே வரம்பே கிடையாது. "அத்தனையும் டி.வி.க்காரனுக்குத்தானா? வாக்காளருக்கு ஒண்ணும் இல்லையா?" என்றேன். மாப்பிள்ளை ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

வீட்டுக்கு வந்து பொள்ளாச்சிப் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

"யாருப்பா ஜெயிச்சது?"

"டிரம்ப்புங்க பெரியப்பா."

"அப்ப ஜனாதிபதி ஆயிட்டாப்லயா?"

"இல்லீங்க. இது ஒரு மாநிலம்தான். அதுலயும் ஒரு கட்சி. யாரை நிறுத்தலாம்னு ஊர் ஊரா ஓட்டுப் போட்டு, பிரதிநிதிகளத் தேர்ந்தெடுத்து, அப்புறம் மாநாடு. நெஜத் தேர்தல் நவம்பர்லீங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பெரியப்பா அந்தக் காலத்திலிருந்தே கட்சிக்காரர். பணம் கட்டி விருப்ப மனு கொடுத்து, மெட்ராஸுக்கு ரயிலேறி நேர்காணலுக்குப் போய், தலைமைக் கழகத்துப் பட்டியலில் பேர் வராமல் திரும்பியவர்.

"அப்போ சீட்டு யாருக்குன்னு முடிவு பண்றதே சனங்கதானா?"

"ஆமாங்க பெரியப்பா."

"அதுக்கு எவ்வளவுப்பா கட்டோணும்?"