எங்கள் டைக்குக்குப் பெயர் தந்தவர்களுக்கு

மதிப்பிற்குரிய பேராசிரியர் டொன்னகா ஓ கோரான் அவர்களுக்கும், ஃபிடெல்மா மக்வயர் அம்மையாருக்கும்,

நீங்கள் இருவரும் சேர்ந்து எழுதி 1981-ல் வெளியிட்ட 'கேலிக் பர்சனல் நேம்ஸ்' எங்கள் மகனுக்குப் பெயர் தந்த புத்தகம். பேராசிரியர் 2017-ல் காலமானார் என்பது தெரியும். ஆனாலும் இந்த நன்றியை நாலு பேர் அறியச் சொல்லிவிட வேண்டும்.

அயர்லாந்தில் ஆண் குழந்தைகளுக்கு அழகான பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஓஷீன் என்றால் மான்குட்டி. ரோனான் என்றால் குட்டிக் கடல்நாய். கியரான் என்றால் கருநிறத்தவன். ஷானன் ஆற்றங்கரையில் குளோன்மக்நாய்ஸ் மடத்தை நிறுவிய துறவியின் பெயர் அது. பொருளை மட்டும் சொல்ல எத்தனையோ புத்தகங்கள் உண்டு. நீங்கள் ஒவ்வொரு பெயரையும் அதைத் தாங்கி வாழ்ந்தவர்களோடு சேர்த்துச் சொன்னீர்கள். ஆங்கிலத்தின் கையில் அது என்ன பாடுபட்டது என்பதையும் மறைக்கவில்லை.

அப்படித்தான் டைக் என்ற பெயரில் வந்து நின்றோம். கவிஞன் என்று பொருள். பழைய அயர்லாந்தில் கவிஞனுக்கு அரசவையில் பெரிய இடம். ஆண்டுக்கணக்கில் பயின்று தேறியவன். அவன் வசை பாடினால் குறுநிலத் தலைவர்களும் நடுங்குவார்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்லைகோ பக்கம் வாழ்ந்த பார்வையற்ற பெருங்கவி டைக் டால் ஓ ஹிகின், வசை பாடியதற்காக நாக்கு அறுபட்டார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

என் கணவரின் கொள்ளுத்தாத்தாவை ஊரே டைக் என்றுதான் கூப்பிட்டிருக்கிறது. பிறப்புப் பதிவேட்டில் அவர் டிமோத்தி! அயர்லாந்துப் பெயர்களை ஆங்கிலமாக்குவது முன்பே நடந்துவந்ததுதான். 1864-ல் எல்லாப் பிறப்புகளையும் அரசு பதியத் தொடங்கியபோது அது ஏட்டிலும் ஏறிவிட்டது. டியர்மிட் ஜெரமையா ஆனார். உங்கள் பெயரான டொன்னகாவே டெனிஸ் ஆனது. பொருளில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதைவிடக் கொடுமை, வட அயர்லாந்தில் டைக் என்பதே கத்தோலிக்கர்களை இழிவுபடுத்தும் வசவாகிப்போனது.

கணவரின் பெரியம்மா பெல்ஃபாஸ்டில் அந்த வசவைக் காதால் கேட்டு வளர்ந்தவர். பெயரைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "வேற பேரே கிடைக்கலையா பிள்ளைகளா?" என்றார். வாதாடாமல் உங்கள் புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைத்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "இவ்வளவு பெரிய பேரா இது? எங்களுக்கு யாருமே சொல்லித் தரலையே" என்றார். சம்மதம் தந்தது அவர்தான், எங்களுக்குத் தைரியம் தந்ததும் அவர்தான். அந்த ஒரு பக்கத்துக்காகவே உங்கள் இருவருக்கும் ஆயுளுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

பதிவாளர் அலுவலகத்தில் ஐரிஷ் எழுத்துக்கூட்டலிலேயே பதிந்தோம். இன்று இங்கே பல வீடுகளில் டைக் வளர்கிறான். மகன் பள்ளிக்குப் போனால் வகுப்பிலேயே இன்னொரு டைக் இருக்கக்கூடும். இருக்கட்டும், நிறைய இருக்கட்டும்.

உங்கள் புத்தகம் 1990-ல் 'ஐரிஷ் நேம்ஸ்' என்ற தலைப்பில் மறுபடி வந்ததல்லவா? குழந்தையை எதிர்பார்த்திருக்கும் தோழிகளுக்கு, பழைய புத்தகக் கடைகளில் அதைத் தேடி வாங்கிப் பரிசளித்து வருகிறேன்.


டைக்கின் அம்மா,
கார்க்