மீன் தொட்டியும் மருந்துப் புட்டியும்

வீட்டில் மீன் வளர்ப்போர் இரண்டு நாள்களை மறப்பதில்லை. கப்பி மீன் முதன்முதலாகக் குஞ்சு ஈன்ற நாள் ஒன்று. முதல் மீன் வயிறு மேலாக மிதந்த நாள் மற்றொன்று. முன்னதைப் பற்றி எழுதுவோர் பலர். பின்னதைப் பற்றியே இங்குச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

மும்பையில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் நாய்க்கும் பூனைக்கும் இடம் காண்பது அரிது. ஜன்னலோரத்தில் இரண்டடிப் பலகை கிடைத்தால் ஒரு மீன் தொட்டி வைத்துவிடலாம். அதில் பெரும்பாலும் முதலில் குடிபுகுவது கப்பி மீனே. அதுவும் நம்மைப் போலப் பிற ஊரிலிருந்து வந்து தங்கியதுதான். தென் அமெரிக்காவின் வடபகுதியும் டிரினிடாட் தீவும் அதன் தாயகம். 1859-இல் வெனிசுவேலாவில் கிடைத்த மீன்களைக் கொண்டு பீட்டர்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதனை முதலில் விவரித்தார். 1866-இல் டிரினிடாடிலிருந்து ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பார் அனுப்பிய மீன்களை ஆராய்ந்த குந்தர் என்பவர், அனுப்பியவர் பெயரையே அதற்குச் சூட்டினார். அறிவியற்பெயர் பின்னர் மாறியபோதிலும், மக்கள் நாவில் கப்பி என்பதே நிலைத்துவிட்டது. கொசுப் புழுக்களைத் தின்னும் என்பதற்காக 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அம்மீன், இன்று கிணறுகளிலும் வாய்க்கால்களிலும் தானே பெருகி வாழ்கிறது.

சாக்கடை நீரிலும் பிழைக்கும் மீன், நாம் பார்த்துப் பார்த்து வளர்க்கும் தொட்டியில் ஏன் சாகிறது? வாய்க்கால் மீன் மெலிந்தது, நிறம் குன்றியது, ஆயினும் வலியது. கடைகளில் நாம் வாங்கும் மீனோ, வாலின் அகலத்துக்காகவும் வண்ணத்துக்காகவும் நெருங்கிய உறவுக்குள்ளேயே பல தலைமுறை இனங்கூட்டப்பட்டது. அழகு கூடிய அளவுக்கு உடலுரம் குறைந்துவிட்டது. மேலும் வாய்க்காலில் கழிவு ஓடிப் போகும். தொட்டியில் அது தங்கிவிடும்.

எனவே நோயுற்ற மீனைக் கண்டவுடன் மருந்துப் புட்டியைத் திறப்பதற்கு முன், ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: எத்தனை மீன்கள், எவ்வளவு விரைவில் நலிந்தன? எல்லா மீன்களும் ஒரே வேளையில் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது பெரும்பாலும் நீரின் குற்றம். முதலில் ஒன்று, இரண்டு நாள் கழித்து மூன்று என்று பரவினால், அது தொற்று. ஒரே ஒரு மீன் மட்டும் வாரக்கணக்கில் மெலிந்து, மற்றவை நலமாக இருந்தால், முதுமையையோ உள்நோயையோ ஐயுறலாம். கப்பியின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகளே என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நீரின் குற்றத்தில் முதன்மையானது அமோனியா. மீனின் கழிவும், தின்னாமல் எஞ்சிய இரையும் அமோனியாவாக மாறுகின்றன. வடிகட்டியின் பஞ்சில் குடியேறும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் இருபது மீன்களை விட்டால் அவற்றின் செவுள்கள் சிவந்து வெந்துபோகும். குழாய் நீரிலுள்ள குளோரினும் அவ்வாறே செவுளைத் தாக்கும். இதற்கு மருந்து எதுவும் பயன்படாது. குளோரின் நீக்கிய நீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுவதும், இரையை நிறுத்துவதும், காற்றுக் குமிழியைக் கூட்டுவதுமே சிகிச்சை. சொட்டு மருந்தைப் போலக் கலந்து நிறம் பார்க்கும் நீர்ச் சோதனைப் பெட்டி இப்போது மீன் கடைகளில் கிடைக்கிறது. மருந்துகளை வாங்கும் முன் அதனை வாங்குவதே அறிவுடைமை.

மும்பைவாழ் தமிழர் அறிய வேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. விடுமுறைக்குச் சென்னை செல்வோர் சிலர், அலங்கார மீன் வாணிகத்துக்குப் பெயர்பெற்ற கொளத்தூரில் கப்பிகளை வாங்கி, நெகிழிப் பையில் காற்றடைத்து, ரயிலில் கொண்டுவருகின்றனர். இங்கு வந்த சில நாள்களில் அம்மீன்கள் துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நெளிகின்றன. உடலில் புள்ளியும் இராது, புண்ணும் இராது. காரணம் கிருமியன்று. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரில் வளர்ந்த மீன், தான்சா, வைதர்ணா, பாத்சா முதலிய ஏரிகளிலிருந்து வரும் மும்பையின் மென்னீரில் திடீரெனப் புகுந்ததால் நேர்ந்த தளர்ச்சி அது. கப்பி உப்பும் சுண்ணமும் கலந்த நீரை விரும்புவது. மென்னீரில் அதன் உடலிலுள்ள உப்புகள் கசிந்து வெளியேறும். வடிகட்டியில் ஒரு கைப்பிடி தூய கிளிஞ்சலைப் போட்டு வைத்தால் அது சிறிது சிறிதாகக் கரைந்து நீரைத் திருத்தும். புதிய மீனைப் பழைய நீரிலேயே வாளியில் வைத்து, நம் நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் சேர்ப்பதும் நலம். ஊர் மாறியவர்க்கு நீர் ஒத்துக்கொள்ளாமை நாமெல்லாரும் அறிந்ததுதானே!

இனித் தொற்று நோய்கள். இவற்றுள் பெருங்குழப்பம் விளைப்பது வெண்மை. வெள்ளையாக எதையேனும் கண்டால் 'வெண்புள்ளி நோய்' என்று தீர்ப்புக் கூறிவிடுவது வழக்கமாகிவிட்டது. உண்மையான வெண்புள்ளி, உடலிலும் துடுப்பிலும் ரவையைத் தூவினாற்போலத் தனித்தனிப் பொடி மணிகளாக இருக்கும். தோலுக்குள் புகுந்து வளரும் ஓர் ஒட்டுண்ணி அது. முதிர்ந்ததும் உதிர்ந்து தொட்டியின் அடியில் விழுந்து, நூற்றுக்கணக்காகப் பிளந்து, மீண்டும் மீனைத் தேடி நீந்தும். நீந்தும் அப்பருவத்தில் மட்டுமே மருந்து அதனைக் கொல்லும். ஆகையால் புள்ளி மறைந்தவுடன் சிகிச்சையை நிறுத்தலாகாது. நீரை மெல்ல மெல்ல 30 பாகை வரை சூடாக்கினால் அதன் பருவங்கள் விரைந்து முடியும்; லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் உப்பைப் படிப்படியாகச் சேர்த்துப் பத்து நாள் வைத்திருந்தால் பெரும்பாலும் குணமாகும். கப்பி உப்பைத் தாங்கும். தொட்டிச் செடிகள்தாம் தாங்கமாட்டா. மும்பையில் இந்நோய் மிகுவது மார்கழி, தை மாதங்களின் குளிரில்.

எங்கள் தொட்டியில் வெண்மை தோன்றியதோ மே மாத இறுதியில். அப்போது பத்தொன்பது கப்பிகள் இருந்தன. சனிக்கிழமை இரவு, எங்கள் பத்து வயது மகள்தான் முதலில் கண்டாள். மாடி வீட்டு அன்பர், வெண்புள்ளி நோய் என்றே கருதி, தம் வெப்பமூட்டியை அன்போடு கொண்டுவந்தார். வீட்டிலிருந்த பெரியவள், தான் பஞ்சாங்கம் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். அதன்வழிப் பார்த்தபோது மணிகள் எவையும் இல்லை. முதுகின்மேல் குதிரைச் சேணம் போட்டாற்போல் சாம்பல் நிறப் படலம். அதன் ஓரத்தில் மங்கிய மஞ்சள். இரு மீன்களின் வாயில் நைந்த பஞ்சு போன்ற வெண்மை. இது 'காலம்னாரிஸ்' எனப்படும் பாக்டீரியா நோய். பூஞ்சை போலத் தோன்றும், பூஞ்சையன்று. வெம்மை ஏற ஏற இதன் வேகமும் ஏறும். நீர் அப்போதே 31 பாகையில் இருந்தது. வெண்புள்ளிக்கு மருந்தாகும் வெப்பம் இங்கு நஞ்சாகியிருக்கும். வெப்பமூட்டியை நன்றி கூறித் திருப்பிக் கொடுத்தோம்.

தொட்டியின் மூடியை அகற்றி, நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறியைத் திருப்பினோம். மூன்றாம் நாள் வெப்பம் 27 பாகைக்கு இறங்கியது. நாள்தோறும் கால் பங்கு நீர் மாற்றினோம். மீன்களையும் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவர் படத்தைக் கண்டு நோயை உறுதி செய்து, நுண்ணுயிர்க்கொல்லி எழுதித் தந்தார். அதனைத் தொட்டியில் கொட்டாமல், நோயுற்ற மீன்களைத் தனி வாளியில் விட்டு அங்கே கொடுத்தோம். தொட்டியில் கொட்டினால் வடிகட்டியின் நல்ல நுண்ணுயிர்களும் அழிந்து, அமோனியா என்னும் இரண்டாம் நோய் வந்து சேரும். ஏழு மீன்கள் இறந்தன. பன்னிரண்டு பிழைத்தன.

அவ்வேழில் ஒன்று சூல்கொண்ட பெண் மீன். வாய் முழுதும் அரிக்கப்பட்டு, இரை எடுக்க இயலாமல், நான்காம் நாள் வாளியின் அடியில் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது. "மருந்து கொடுத்தோமே அப்பா, ஏன் இது எழுந்திருக்கவில்லை?" என்று மகள் கேட்டாள். மருந்து கிருமியைக் கொல்லும், அரித்துப்போன வாயைத் திரும்பத் தராது என்று கூறினோம். அதனைத் துன்பமின்றி அனுப்பும் முறை ஒன்றுண்டு. கிராம்புத் தைலம் மீன்களை மயக்குவது. சிறிது வெந்நீரில் சில துளிகளைக் குலுக்கிக் கலந்து, முதலில் மீன் உறங்குமளவு ஊற்றி, பின்னர் மிகுதியாகச் சேர்த்து, செவுள் அசைவு அடங்கிய பிறகும் அரைமணி நேரம் அப்படியே விட வேண்டும். பல்வலிக்கென வைத்திருந்த தைலத்தைப் பாட்டியே எடுத்து வந்தாள். "பல்லை மரக்கச் செய்வது இதையும் மரக்கச் செய்யுமா?" என்றாள். செய்யும் என்றோம். குழந்தையை அப்புறம் போகச் சொல்லவில்லை, அவளும் போகவில்லை. உயிரோடு கழிவறையில் விட்டுவிடுவது எளிது என்பார் உண்டு. அது மீனுக்கும் கொடுமை. பார்க்கும் குழந்தைக்கும் தவறான பாடம்.

ஏனைய நோய்களைச் சுருக்கமாகக் கூறுவோம். விளக்கணைத்துப் பக்கவாட்டில் கைவிளக்கைப் பிடிக்கும்போது உடலில் பொன்துகள் தூவியது போல மின்னினால், அது வெல்வெட் நோய். செப்பு மருந்தும் இருட்டும் அதற்குப் பகை. ஆனால் செப்பு நத்தைகளையும் இறால்களையும் கொன்றுவிடும். மலவாயில் சிவந்த நூல்முனைகள் நீண்டு தெரிந்தால் குடற்புழு. லெவமிசோல் என்னும் புழு மருந்தை ஒரு முறை கொடுத்து, மூன்று வாரம் கழித்து மீண்டும் கொடுக்க வேண்டும். வயிறு பருத்த பெண் மீனெல்லாம் நோயாளியன்று. ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஈனும் இனம் அது. ஆணைப் பிரித்த பின்னும் சில மாதங்கள் வரை குஞ்சு ஈனவல்லது. செதில்கள் அன்னாசிப் பழத்தின் மேற்புறம் போலச் சிலிர்த்து நின்றால் மட்டுமே மகோதரம் என்று அஞ்ச வேண்டும். அது முற்றினால் பிழைப்பது அரிது.

மீன் வளர்க்கும் அன்பர்கள் வீட்டில் வைத்திருக்க வேண்டியவை சில. வெப்பமானி, நீர்ச் சோதனைப் பெட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடி, பொடிசேராத கல்லுப்பு, தனியாக ஒரு வாளி. புதிய மீனை அவ்வாளியில் மூன்று வாரமேனும் வைத்துப் பார்த்த பின்னரே தொட்டியில் சேர்க்க வேண்டும். நோயுற்ற மீனையோ, அதன் நீரையோ கிணற்றிலும் ஏரியிலும் விடுதல் கூடாது; அங்குள்ள நம் நாட்டு மீன்கள் செய்த குற்றம் ஒன்றுமில்லை. இவ்வளவும் ஒரு சிறு மீனுக்காகவா என்று கேட்போர் கேட்கட்டும். அதன் நலிவை முதலில் காண்பவர்கள் பெரும்பாலும் நம் குழந்தைகள். நோயுற்ற உயிரின் அருகில் பதறாமல் நின்று, உற்றுப் பார்த்து, பின்னர்க் கை நீட்டும் பழக்கத்தை அவர்கள் அங்கே கற்றுக்கொள்ளட்டும்.