ஒரு மணி நேர விமானம்... ஒரு நாள் அலுப்பு!

விடிந்தும் விடியாத நேரத்தில் ஆனைக்குட்டம் அணைக்கரையில் நின்றால், காதில் முதலில் விழுவது பட்டாசு ஆலை வேன்களின் ஹாரன்தான்.

சிவகாசிக்கும் விருதுநகருக்கும் இடையே, திருத்தங்கலுக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்த ஊர். அர்ச்சுனா நதியை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம்தான் ஊருக்கு அடையாளம். விருதுநகர்க்காரர்கள் குடிக்கிற தண்ணீரில் இந்த அணைக்கும் பங்கு உண்டு. நல்ல மழை பெய்த வருஷம் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பொய்த்த வருஷம் அதே இடத்தில் ஆடு மேயும். சுற்றிலும் கரிசல் மண், கருவேல மரங்கள், தள்ளித் தள்ளிக் கட்டப்பட்ட பட்டாசு ஆலை அறைகள்.

“மதினி, வண்டி கெளம்பிருச்சு... வெரசா வாங்க!” என்று குரல் வரும். தூக்குவாளியோடு ஓடிவந்து ஏறுவார்கள். இந்த அவசரம் முதலாளிக்குப் பயந்து மட்டும் வந்ததில்லை. வெயில் ஏறுவதற்குள், காலைக் குளிர்ச்சியிலேயே மருந்துக் கலவை வேலையை முடித்துவிட வேண்டும். கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும், மிச்சம் வைத்துவிட்டுப் போகக்கூடாது. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக்கூடாது. நைலான் துணி ஆகாது, பருத்திதான். சின்ன உரசல் போதும். இந்த விதிகளை மறந்த இடங்களில் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் எழுந்த புகையைப் பார்த்தவர்கள் இன்னும் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள்.

எந்த நேரத்தில் வேலை செய்யலாம், எவ்வளவு நேரம் செய்யலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று விதிப்புத்தகமே வகுத்து வைத்திருக்கும் இன்னொரு வேலை, சில காலைகளில் இந்த ஊருக்கு மேலேயே போகிறது. சென்னையிலிருந்து தெற்கே வருகிற விமானம் அது. வேனுக்குக் காத்திருப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பதுண்டு. அதை ஓட்டுகிறவர் அன்றைக்கு எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்று யோசித்திருக்க வாய்ப்பில்லை. அநேகமாக, வேனில் ஏறுகிறவர்களுக்கும் முன்னாடியே எழுந்திருப்பார்!

பட்டாசு மண்டலத்துக்காரர்களுக்கு இரண்டு விமான நிலையங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. வடக்கே விருதுநகர், திருமங்கலம் தாண்டினால் மதுரை. தெற்கே சாத்தூர், கோவில்பட்டி வழியாகப் போனால் தூத்துக்குடிக்கு அருகே வாகைக்குளம். வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள். 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை இப்போது 3,115 மீட்டர்.

சிவகாசி அண்ணாச்சிமார் இந்த விமானங்களின் வாடிக்கையாளர்கள். காலண்டர் ஆர்டர், பட்டாசு வசூல், தீப்பெட்டி ஏற்றுமதி என்று சென்னைக்குப் போக எப்போதும் ஒரு காரியம் இருக்கும். சாத்தூர் காராச்சேவையும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையும் பையில் கொண்டுபோகலாம். ஊரின் பெயரைச் சொல்லும் பட்டாசை மட்டும் ஒரு கம்பி மத்தாப்புகூட விமானத்தில் ஏற்ற முடியாது. அது எப்போதும் லாரியில்தான்.

மதுரைக்காரர்களுக்கு விமானத் தொழிலும் புதிதல்ல. மதுரையின் ஜவுளிக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்த ‘பாரமவுண்ட் ஏர்வேஸ்’, 2005-இல் எம்ப்ரயர் விமானங்களோடு தொடங்கி, தென்னிந்திய நகரங்களுக்கிடையே பறந்தது. ஐந்து வருஷத்தில் நின்றும் போனது. இப்போது குட்டி ஊர்களுக்குப் போவது பெரும்பாலும் ஏ.டி.ஆர். ரகம். இறக்கையில் விசிறி சுற்றுமே, அதுதான். எழுபத்தெட்டுப் பேர் வரை உட்காரலாம்.

சென்னையிலிருந்து மதுரைக்குப் பறக்க ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். பஸ்ஸில் எட்டு மணி நேரம் இடுப்பு ஒடிய வந்தவர்களுக்கு, “ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஓட்டுறதுக்கு என்ன அலுப்பு?” என்றுதான் தோன்றும். அங்கேதான் கணக்கு தப்புகிறது.

பயணிக்கு அது ஒரு பயணம். விமானிக்கு அது நாலில் ஒன்று.

உதாரணத்துக்கு ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலை ஆறு மணிக்குச் சென்னையிலிருந்து முதல் விமானம். ஒரு மணி நேரம் முன்னதாகவே பணியில் ஆஜராக வேண்டும். வீட்டுக்குக் கார் வருவது நாலு மணி வாக்கில். அப்படியென்றால் மூன்று மூன்றரைக்கு அலாரம். போனதும் ஒரு குழாயில் ஊத வேண்டும், மது சோதனை. அளவு சுத்தமாகப் பூஜ்யம் இருந்தால்தான் உள்ளே போகலாம். பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் குடித்திருக்கக் கூடாது என்பது சட்டம். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ்கூடக் கூடாது! பிறகு வானிலை, எரிபொருள், எடைக் கணக்கு. விமானிகளில் ஒருவர் டார்ச் விளக்கோடு விமானத்தைச் சுற்றி நடந்து சக்கரம் முதல் இறக்கை வரை பார்த்துவிட்டு வருவார்.

அப்புறம் மதுரை. இறங்கி அரை மணி நேரத்துக்குள் மறுபடி சென்னை. அங்கிருந்து தூத்துக்குடி. திரும்பவும் சென்னை. நடுவில் கிடைக்கிற அரை மணி நேரங்களில் பயணிகள் இறங்கி, ஏறி, எரிபொருள் நிரப்பி, அடுத்த பயணத்தின் காகிதங்கள் வந்துவிடும். விமானி இருக்கையை விட்டு எழுந்தால் அது பாத்ரூமுக்காகத்தான் இருக்கும். சாப்பாடு மடியில். கேப்டனும் கோ-பைலட்டும் ஒரே பதார்த்தத்தைச் சாப்பிடாமல் பார்த்துக்கொள்கிற வழக்கமும் உண்டு. உணவு கெட்டிருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வயிறு கலங்கிவிடக் கூடாது என்பதற்காக.

அமெரிக்காவுக்கு ஓட்டுகிறவர் பதினைந்து மணி நேரத்தில் ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்குகிறார். கூடுதல் விமானிகள் இருப்பார்கள், முறை வைத்துப் படுத்துக்கொள்ளப் படுக்கையும் உண்டு. குறுந்தூர விமானிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. விமானத்தில் கவனம் முழுக்கத் தேவைப்படும் நேரம் ஏறுவதும் இறங்குவதும்தான். நாலு பயணம் என்றால் அந்த நேரம் எட்டுத் தடவை. வானத்தில் நிம்மதியாகக் கொஞ்சம் உட்காரலாம் என்று பார்த்தால், மேலே ஏறி முடித்த சற்று நேரத்திலேயே இறங்கும் வேலை தொடங்கிவிடும்.

இதனால்தான் விதிகள் பறக்கும் நேரத்தை மட்டும் எண்ணுவதில்லை. வாரத்துக்கு 35, வருஷத்துக்கு 1,000 மணி நேரம் என்று பறக்கும் நேரத்துக்கு வரம்பு உண்டு. “வருஷத்துக்கு ஆயிரம் மணிதானா! நம்ம ஆளுங்க மூணே மாசத்துல முடிச்சிருவாங்களே” என்று எந்த டீக்கடையிலும் கேட்பார்கள். ஆனால் அது சக்கரம் உருண்ட நேரம் மட்டும்தான். ஆஜரான நிமிடத்திலிருந்து ஓடும் பணி நேரம் தனிக்கணக்கு. தரையிறங்கும் எண்ணிக்கை கூடக் கூட அந்தப் பணி நேரத்தின் உச்சவரம்பு குறைந்துகொண்டே வரும்.

விமானிகளைக் கேட்டால் எண்ணிக்கையைவிட ரோஸ்டரைத்தான் சொல்வார்கள். இந்த வாரம் விடிகாலை, அடுத்த வாரம் பின்னிரவு. மூன்று மணிக்கு எழ வேண்டுமென்றால் இரவு எட்டு மணிக்குத் தூங்க வேண்டும். எட்டு மணிக்கு எந்த வீட்டில் தூங்க முடியும்? ஹாலில் சீரியல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், பக்கத்து வீட்டில் மிக்சி. அறைக்குள் படுத்துக்கொண்டு, “தூக்கம் வரலையே, மணி ஒன்பதாச்சே, பத்தாச்சே” என்று புரள்வதே தனி அலுப்பு. இரவு ஷிப்ட் பார்க்கும் நர்ஸ், ஸ்பின்னிங் மில் தொழிலாளி, போலீஸ்காரர் வீடுகளில் இது நன்றாகப் புரியும். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ரோஸ்டரைப் படிப்பதில்லை. அதிகாலை இரண்டிலிருந்து ஆறு வரை அது தன்பாட்டுக்கு “படு, படு” என்றுதான் சொல்லும்.

அந்த நேரத்தின் ஆபத்தை இந்தியா மங்களூரில் பார்த்தது. 2010 மே 22. துபாயிலிருந்து இரவில் பறந்து வந்த விமானம், காலை ஆறு மணிக்குச் சற்றுப் பிறகு ஓடுபாதையில் நிற்காமல் பள்ளத்தில் பாய்ந்தது. 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள். தப்பான உயரத்தில் வந்தும் இறங்கும் முயற்சியைக் கேப்டன் கைவிடாததுதான் நேரடிக் காரணம் என்றது விசாரணை. அதோடு இன்னொன்றையும் சொன்னது. அவர் வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தூங்கியிருந்தார். தூக்கத்திலிருந்து எழுந்தவுடன் இருக்கும் மந்தநிலை அவர் முடிவைப் பாதித்திருக்கக்கூடும். “வேண்டாம், மேலே ஏறிவிடலாம்” என்று கோ-பைலட் மூன்று முறை சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தைய வருஷம் அமெரிக்காவில், நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன ஒரு சின்ன விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். குறுந்தூரப் பயணம்தான். அதன் கோ-பைலட், வேலைக்கு வருவதற்காக முந்தைய இரவு நாட்டின் மறுகோடியான சியாட்டிலிலிருந்து பயணம் செய்து வந்தவர். அந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்காவில் ஓய்வு விதிகள் மாறின. இந்தியாவில் 2011-இல் மாறின. முதலிப்பட்டிக்காரர்களுக்கு இந்த வரிசை புதிதாக இருக்காது.

2024 ஜனவரியில் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதிகளை மறுபடி இறுக்கியது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. ‘இரவு’ என்பது நள்ளிரவிலிருந்து காலை ஐந்து மணி வரை என்றிருந்தது ஆறு மணி வரை என்று நீண்டது. அந்த நேரத்தில் ஒரு விமானி ஆறு முறை வரை தரையிறங்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். ஆறிலிருந்து இரண்டு! அதுவரை என்ன சுமை இருந்தது என்பது அந்த ஓர் எண்ணிலேயே தெரிகிறது. விமான நிறுவனங்கள் அவகாசம் கேட்டன. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. கடைசியில் 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது.

டிசம்பர் முதல் வாரத்தில் நடந்ததை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோவில், புது விதிக்குத் தேவையான அளவு விமானிகளின் பணிப்பட்டியல் ஒத்துவரவில்லை. டிசம்பர் 5-ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. முகூர்த்தத்துக்குப் போக முடியாதவர்கள், நேர்முகத் தேர்வைத் தவறவிட்டவர்கள், மலையாகக் குவிந்த பெட்டிகள். டிக்கெட் விலை எகிறியதால் அரசே தலையிட்டு, 500 கிலோமீட்டருக்குள் 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. சென்னை - மதுரை இந்தக் கணக்கில்தான் வரும். அந்த நிறுவனத்துக்கு இரவுப் பணி விதிகளில் 2026 பிப்ரவரி 10 வரை விலக்கும் கிடைத்தது.

வரிசையில் நின்ற பயணிகளின் கோபம் நியாயமானது. ஆனால் அது “இந்தப் பைலட்டுகளுக்கு ரெண்டு நாள் லீவு கேக்குதோ” என்று திரும்பியதுதான் சரியில்லை. விதி வரப்போவது இரண்டு வருஷம் முன்பே தெரியும். தூங்க நேரம் கேட்டவர்களால் விமானம் நிற்கவில்லை.

மதுரை விமான நிலையம் 2024 அக்டோபரிலிருந்து இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கத் தயாரானது. தென்மாவட்ட வியாபாரிகளின் நெடுநாள் கோரிக்கை அது. சென்னையில் வேலையை முடித்து, சாப்பிட்டுவிட்டு, கடைசி விமானத்தைப் பிடித்து வீட்டில் வந்து படுத்தால் ஓட்டல் செலவு மிச்சம். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் நள்ளிரவு தாண்டி இறங்கும் ஒவ்வொரு விமானமும் யாரோ ஒரு விமானியின் அந்த இரண்டில் ஒன்று. ஆனைக்குட்டத்தில் கூடுதல் ஆர்டருக்காக அறையில் ஐந்தாவது ஆளை உட்கார வைக்கக் கூடாது என்பது போலத்தான் இதுவும்.

குறுந்தூர விமானிகளுக்கு ஒரு கொடுப்பினையும் உண்டு, பல நாள் ராத்திரி சொந்த வீட்டில் படுக்கலாம். பகல் பதினொரு மணிக்கு வேலை முடிந்து, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் கேப்டன்கள் உண்டு. ஆனால் நல்லநாள் பெரியநாள் அவர்கள் கையில் இல்லை. ஊரே ஊருக்குப் போகும் பொங்கலும் தீபாவளியும் அவர்களுக்கு வேலை மிகுந்த நாட்கள்.

தீபாவளி வந்தால் ஆனைக்குட்டத்தில் நிலைமை நேர்மாறு. அதற்கு முன்பே வேலை முடிந்துவிடும். ஆலைகள் பூட்டப்பட்டு, போனஸ் வாங்கி, புதுத்துணி எடுத்து, வேன் ஹாரன் இல்லாத சில வாரங்கள். மருந்து வாசம் போகக் குளித்துவிட்டு, வெயில் ஏறும்வரை தூங்குவார்கள்.

தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க அனுமதி காலை ஆறு முதல் ஏழு, இரவு ஏழு முதல் எட்டு. அந்த இரவு நேரத்தில் சென்னையில் இறங்கும் விமானத்தின் காக்பிட்டிலிருந்து பார்த்தால், நகரம் முழுக்கச் சின்னச் சின்னப் பூக்கள் கீழேயே பூத்துக் கீழேயே அணையும். வான வேடிக்கையை மேலிருந்து பார்க்கிறவர்கள் அவர்கள் மட்டும்தான். அதிக நேரம் பார்க்க முடியாது. புகைக்கு நடுவே ஓடுபாதை விளக்குகளைத் தேட வேண்டும். இறங்கி அரை மணி நேரத்தில் மறுபடி மதுரை.