நன்மங்கலம் கல்குட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

"நம்மள உள்ள விடுவாங்களாண்ணா?" என்றுதான் முதலில் கேட்டான், எங்கள் படிப்பகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தம்பி. அனுமதி வாங்கியாகிவிட்டது, வழிகாட்டி ஒருவர் கூடவே வருவார், தலைக்கு இவ்வளவு என்று பணமும் கட்டியாகிவிட்டது என்று சொன்ன பிறகும் அவன் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது என்று பிறகு பட்டது. இதே செங்கல்பட்டுச் சீமையில், மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் ஒடுக்கப்பட்டோருக்கு உரிமை உண்டு என்று 1924இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. நூறு வருடம்தான் ஆகிறது. கேள்வி இன்னும் நாக்கில் இருக்கிறது என்றால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

மலை பார்க்க வேண்டும், காட்டு விலங்கு பார்க்க வேண்டும் என்பது படிப்பகப் பிள்ளைகளின் நெடுநாள் ஆசை. ஊட்டி, ஏலகிரி என்று பேச்சு ஓடியது. வேன் வாடகை கேட்டதும் பேச்சு நின்றது. வண்டலூர் பூங்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்தே இரண்டு தடவை பார்த்துவிட்டார்கள். கடைசியில், தாம்பரம் கிழக்கிலிருந்து வேளச்சேரி போகும் பேருந்தில் ஏறி, மேடவாக்கத்தில் இறங்கினால் வந்துவிடுகிற நன்மங்கலம் காப்புக்காடு என்று முடிவானது. பறவை பார்ப்பவர்களுக்கு ரொம்பப் பழக்கமான இடம். அரை மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு எங்களில் ஒருவரும் உள்ளே போனதில்லை.

பதினான்கு பேர். அதில் ஒருவர் எழுபது தாண்டிய ஆயா. படிப்பகத்துத் தங்கை ஒருத்தியின் அம்மாவைப் பெற்றவர். "ஆந்த பாக்கவா போறீங்க? அந்தப் பாற இன்னும் கீதான்னு பாக்கணும், நானும் வரேன்" என்று புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். எந்தப் பாறை என்று அப்போது நாங்கள் கேட்கவில்லை.

வழிகாட்டி நல்ல மனிதர். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறோம், கீழே எழுதுவதை வைத்து அவரைத் தப்பாக நினைக்க வேண்டாம். விடிந்தும் விடியாத நேரத்தில் வாசலில் காத்திருந்தார். இரண்டு பைனாகுலர்களை மாற்றி மாற்றிக் கொடுத்தார். எங்கள் பிள்ளைகளில் பலர் அதைக் கண்ணில் வைத்ததே அன்றுதான். செம்போத்து, பனங்காடை, பஞ்சுருட்டான், கரிச்சான் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். புதருக்குள்ளிருந்து கவுதாரி கத்தியபோது தம்பி ஒருவன் செல்போன் ரிங்டோன் என்று நினைத்துப் பையைத் தடவினான். இந்தச் சின்னக் காட்டில் எண்பதுக்கும் மேற்பட்ட பறவை வகைகள் பதிவாகியிருக்கின்றன, தரையில் முளைக்கும் அரிய ஆர்க்கிட் செடிகளும் உண்டு என்றார். இதையெல்லாம் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 'பறவை பார்ப்பது வசதியானவர்கள் வேலை' என்று நம் இயக்கங்களில் ஒரு இளக்காரப் பேச்சு இருக்கிறது, நாங்களும் பேசியிருக்கிறோம். அந்த இளக்காரத்தால் நட்டம் நமக்குத்தான். பெயர் தெரியாதவன் பேச்சு காட்டைப் பற்றிய எந்தக் கூட்டத்திலும் எடுபடாது.

வழியில் ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. சாரைப்பாம்பாக இருக்கும் என்றார் வழிகாட்டி. இருளர் தோழர் ஒருவர் அன்று எங்களோடு இருந்திருந்தால் அது எந்தப் பொந்துக்குள் போனது என்பதுவரை சொல்லியிருப்பார். இந்தச் செங்கல்பட்டு வட்டாரத்து இருளர்களின் பாம்பு பிடிக்கும் தொழில் 1972 வனவிலங்குச் சட்டத்தோடு குற்றமானது. 1978இல் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் வந்து, வடநெம்மேலியில் விஷம் எடுக்கும் வேலை தொடங்கிய பிறகுதான் அதே திறமைக்குச் சட்டப்படி கூலி கிடைத்தது. 2017இல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்துப் போகப்பட்ட மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நடுவில் போன வருடங்களில் எத்தனை பேர் திருட்டுப் பட்டம் சுமந்தார்கள் என்பதற்கு விருது இல்லை.

பாதை மேடேறியது. மலை என்று சொன்னால் மலைநாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள், எங்களுக்கு அது மலைதான். மேலே நின்று பார்த்தால் ஒரு பக்கம் திரிசூலம், பல்லாவரம் குன்றுகள், அவற்றின் காலடியில் இறங்கும் விமானம். இன்னொரு பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், பனியில் மங்கலாக. 2022இல் அதற்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்ததை வழிகாட்டி பெருமையோடு சொன்னார். அதற்கும் அப்பால் வரிசையாக நிற்கும் அடுக்குமாடிகளை எங்கள் தங்கை ஒருத்திதான் முதலில் கண்டுபிடித்தாள். "பெரும்பாக்கம்! அதுல எங்க பிளாக்கு." 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரத்திலிருந்து அகற்றப்பட்ட பல குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. ஆற்றைக் காப்பாற்ற என்று சொல்லிப் பெயர்த்து எடுத்தவர்களைக் கொண்டுபோய்ச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குடிவைத்தார்கள், மழைக்கு மழை அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவள் பைனாகுலரை வாங்கித் தன் வீட்டு ஜன்னலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பிறகு பள்ளம் வந்தது. காட்டின் நடுவே செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவர், கீழே பச்சையாகத் தேங்கிய தண்ணீர். கல்குட்டை. நம் பக்கத்தில் பம்மலிலிருந்து கீழ்க்கட்டளை வரை இப்படி எத்தனையோ இருக்கின்றன, கோடை விடுமுறையில் குளிக்கப் போய் உயிரைவிட்ட பிள்ளைகள் நம் தெருக்களிலும் உண்டு. இங்கே எல்லோரும் வருவது கொம்பன் ஆந்தைக்காக. வழிகாட்டி ஸ்டாண்டில் தொலைநோக்கியை நிறுத்தி, சுவரில் பாதி உயரத்தில் இருந்த ஒரு திட்டைக் காட்டினார். முதலில் பாறை மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் அந்தப் பாறை கண்ணைத் திறந்தது. ஆரஞ்சு நிறக் கண்கள், தலையில் கொம்பு மாதிரி இரண்டு இறகுக் கொத்து, ஒன்றரை அடிக்குமேல் உயரம். இது கூடு கட்டுவதில்லையாம், பாறைத் திட்டில் வெறும் மண்ணில் முட்டையிடும், குளிர்காலம்தான் பருவம். எலி தின்று வயலைக் காக்கிற பறவையைச் சாவுப் பறவை, தரித்திரம் என்று கல்லெறிகிறார்கள் என்று வருத்தப்பட்டார். பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஒருவருக்கும் வாய் பேச வரவில்லை.

"மனுஷன் பண்ண காயத்தை இயற்கை தானே ஆத்திக்கிச்சு பாருங்க" என்றார் வழிகாட்டி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர் சொல்கிற வாசகமாக இருக்க வேண்டும். அழகான வாசகம்தான்.

ஆயா ஆந்தையைப் பார்க்கவில்லை. பாறையின் மேல் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, அதோ கோடு கோடா கீது பாரு, அது கைத்தொள" என்றார். பாதியாகப் பிளந்த குழாய் மாதிரி, சுவரில் மேலிருந்து கீழாகச் சில தடங்கள். அதுவரை நாங்களும் அதைப் பாறையின் இயல்பு என்றே நினைத்திருந்தோம். ஒருத்தர் இரும்புக் கம்பியைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கொடுக்க, இன்னொருத்தர் சம்மட்டியால் அடிக்க, தண்ணீர் ஊற்றி ஊற்றித் தோண்டிய துளை. அதில் மருந்து கெட்டித்துத் திரி வைப்பார்கள், விசில் அடித்ததும் ஓட வேண்டும். "மேல இருக்கறது கைத்தொள, கீழ இருக்கறது மிஷின் வந்தப்புறம். அப்ப எங்க ஊட்டுக்காரரு இல்ல." விழுந்த பாறையை ஆண்கள் ஆப்படித்துப் பிளந்தார்கள். பெண்கள் தரையில் உட்கார்ந்து சின்னச் சுத்தியலால் ஜல்லியாக்கினார்கள். அளவுப் பெட்டி நிறைந்தால்தான் கூலி. பிள்ளையைப் பக்கத்தில் துணி விரித்துப் போட்டுவிட்டு உடைத்திருக்கிறார். இங்கே கொஞ்ச நாள், திரிசூலத்தில் கொஞ்ச நாள், பம்மல் பக்கம் பல வருடம். கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் கழிவதற்குள் அடுத்த முன்பணம். கொத்தடிமை முறையை ஒழித்து 1976இல் சட்டம் வந்ததை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வழிகாட்டி ஒரு நோட்டை எடுத்தார். "பாட்டிமா, இன்னொரு தடவ சொல்லுங்க, கம்பிய எவ்ளோ ஆழம் எறக்குவாங்க?" என்று கேட்டார். எங்களுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது அப்போதுதான்.

'மனுஷன் பண்ண காயம்' என்ற சொல்லில்தான் எங்களுக்குச் சிக்கல். எந்த மனுஷன்? குத்தகை எடுத்தவனா, லாரி வைத்திருந்தவனா, அந்த ஜல்லியில் மாடி கட்டி இன்று 'ஹில் வியூ' என்று பெயர் போட்டு விற்பவனா, இல்லை நெஞ்சில் தூசு அடைத்து இருமி இருமிச் செத்த ஆயாவின் வீட்டுக்காரரா? கல் குலத்தொழிலாகத் தலையில் கட்டப்பட்ட போயர்களும், நிலமில்லாமல் சேரியிலிருந்து போன நம் ஆட்களும், மற்றச் சாதி ஏழைகளும் சேர்ந்து வெட்டிய சுவர் அது. ஆந்தை உட்காரும் திட்டு யாரோ ஒருவர் ஆப்பை எங்கே இறக்கினார் என்பதால் உண்டானது. அந்தக் கைகளை 'மனுஷன்' என்ற பொதுச் சொல்லுக்குள் போட்டுக் காயப்படுத்தியவன் பட்டியலில் சேர்ப்பதை ஒப்புக்கொள்ள முடியாது.

இந்தக் கல்லின் வரலாறே இப்படித்தான். பல்லாவரம், பரங்கிமலைப் பாறைக்கு நிலவியலில் சார்னோக்கைட் என்று பெயர். 1890களில் தாமஸ் ஹாலண்ட் என்ற வெள்ளைக்கார நிலவியலாளர் வைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்கத்தாக் கல்லறைக்கு இங்கிருந்துதான் கல் போனது, அதனால் அவன் பெயர் உலகம் முழுக்க எந்த நாட்டில் இந்தப் பாறை கிடைத்தாலும் அதற்கு. வெட்டிக் கப்பலேற்றியவர்களின் ஊர் பெயர்கூட இல்லை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார், இந்தியத் தொல்லியலே அங்கே தொடங்கியது என்று படிக்கிறோம். ஒரு சரளைக் குழியிலிருந்து வெளியே வீசிய மண்ணில்தான் அது கிடைத்தது. குழியைத் தோண்டியது யார்?

தாம்பரம் செனடோரியம் 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கியது. காசநோய்க்காரர்களுக்கு மலையடிவாரத்துச் சுத்தமான காற்று நல்லது என்ற எண்ணம் அப்போது இருந்தது. அதே மலைத்தொடரில் கல் உடைத்தவர்கள் தூசைத் தின்றார்கள். சிலிக்கோசிஸ் காசநோய் போலவே இருமலும் மெலிவுமாக வரும், இரண்டையும் பிரித்தறிவது எளிதல்ல. ஆயாவின் வீட்டுக்காரருக்கு என்ன நோய் என்று ஆயாவுக்கு இன்றுவரை தெரியாது. "கல்லு தின்னுடுச்சு" என்பார், அவ்வளவுதான்.

எல்லாம் சாவுக் கதை என்று நினைக்க வேண்டாம். அரியானா குவாரித் தொழிலாளர்களுக்காக பந்துவா முக்தி மோர்ச்சா தொடுத்த வழக்கில் 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைச் சட்டம் படிக்கும் தோழர்கள் கட்டாயம் படியுங்கள். நம் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், கொத்தடிமையாகக் கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிக் குத்தகை கொடுக்கப்பட்டது. ஒப்பந்ததாரர்கள் சும்மா இருக்கவில்லை, ஆனால் சில வருடமாவது பாறை அதை உடைத்தவர்கள் கையில் இருந்தது.

இறங்கும்போது சின்னச் சண்டை. சூரைப்புதரில் கறுப்பாகப் பழுத்திருந்தது. ஆயா கை நீட்டினார். "பாட்டிமா, பறிக்கக் கூடாது, ரிசர்வ் காடு" என்றார் வழிகாட்டி, தயங்கித் தயங்கித்தான். ஆயா கையை இழுத்துக்கொண்டார். தங்கைக்குக் கோபம். "அவங்க ரத்தம் சிந்துன எடத்துல ஒரு பழம் பறிக்கக் கூடாதா?" எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது. ஞாயிறுதோறும் வருகிற கூட்டமெல்லாம் கைக்கு ஒரு பிடி பறித்தால் பறவைக்கு என்ன மிஞ்சும் என்று ஒரு கட்சி. காட்டைத் தெரிந்தவர்களுக்கும் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் ஒரே விதியா, 2006 வன உரிமைச் சட்டம் பேசுவது என்ன என்று இன்னொரு கட்சி. அந்தச் சட்டம் நம்மைப் போன்ற குவாரிக் கூலிகளை நினைத்து எழுதப்பட்டதில்லை என்பதும் உண்மை. வழிகாட்டியும் வாதத்தில் கலந்துகொண்டார். மேடவாக்கம் டீக்கடையில் இரண்டாவது டீ வரை தீரவில்லை, படிப்பகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு பல்லாவரம், திரிசூலம் பக்கம் நடக்கிறோம். வழிகாட்டி பறவை சொல்வார், ஆயாவும் பம்மலில் அவரோடு ஜல்லி உடைத்த இன்னும் இரண்டு பேரும் பாறை சொல்வார்கள். வருகிறவர்கள் தண்ணீர், தொப்பி எடுத்து வாருங்கள். உங்கள் வீட்டில் குவாரிக்குப் போனவர்கள் இருந்தால் எந்தக் குவாரி, எந்த வருடம், கூடப் போனவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதி வாருங்கள்.

திரும்பும் பேருந்தில் சேலையூர் தாண்டியதும் ஆயா சுருக்குப் பையைத் திறந்தார். உள்ளே சூரைப்பழம், எப்போது பறித்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆளுக்கு இரண்டு கொடுத்தார். காட்டை ஆதரித்துப் பேசிய கட்சியும் வாங்கித் தின்றது.