ஏபிஎஸ் லைட் எரிந்தால் ஏபிஎஸ்தான் பழுதா?

டென்மார்க்கில் வளர்ந்த எங்கட தலைமுறைக்குச் சின்ன வயதிலேயே ஒரு வேலை கிடைத்துவிட்டது: மொழிபெயர்ப்பாளர் வேலை. டொக்டரிடம், கொம்யூனில், வங்கியில் என்று அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று டெனிஷைத் தமிழாக்கியே வளர்ந்தோம். இப்போது எங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் கார் கராஜ் என்றால் அப்பா இன்னும் எனக்குத்தான் போன் எடுப்பார். அங்கே சொல்லை மட்டும் மொழிபெயர்த்தால் போதாது, விஷயமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன விண்டரில் அப்பாவின் காரில் ஏபிஎஸ் லைட்டும் சறுக்கல் தடுக்கும் லைட்டும் ஒன்றாக எரியத் தொடங்கின. மழை பெய்த காலையில் எரியும், காய்ந்த நாளில் எரியாது. பன்னிரண்டு வருடக் கார். இங்கே புதுக் காருக்கான பதிவு வரியின் உயர்ந்த வீதம் 150 சதவீதம் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் கனபேர் பழைய காரையே பார்த்துப் பார்த்து ஓடுகிறோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் 'சூன்' பரிசோதனையும் நெருங்கியிருந்தது. ஏபிஎஸ் லைட் எரிந்தால் அதில் பாஸ் ஆகாது. அதைவிடப் பெரிய கவலை, அந்தக் காரில்தான் அப்பா என் மகளை நர்சரியில் இருந்து கூட்டிக்கொண்டு வருகிறவர்.

கராஜில் கொம்பியூட்டரைப் பூட்டிப் பார்த்தார்கள். யு0121 என்ற கோட் வந்தது. ஏபிஎஸ் மொட்யூல் போய்விட்டது, மாற்ற 16,000 குரோனர் வரும் என்றார்கள்.

"தம்பி, என்னவாம்?" என்று அப்பா கேட்டார். சொன்னேன்.

"அப்ப செய்யச் சொல்லு. அவங்களுக்குத் தெரியாததே?"

"ஒரு கிழமை பொறுங்கோ அப்பா," என்றேன்.

நான் வேலையில் விவசாய இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவன். அந்த இயந்திரங்களுக்குள்ளும் கார்களுக்குள்ளும் ஓடுவது ஒரே மாதிரியான வலையமைப்புத்தான். அதன் பெயர் கேன் பஸ். ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1986இல் அதை வெளியிட்டது. அதற்கு முதல் ஒவ்வொரு தகவலுக்கும் தனித்தனி வயர் போட வேண்டியிருந்தது. கேன் வந்தபிறகு, ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர்களிலேயே எஞ்சின், பிரேக், ஸ்டியரிங், டாஷ்போர்ட் என்று பல மொட்யூல்களும் பேசிக்கொள்கின்றன. ஒருவர் பேசுவதை எல்லாரும் கேட்பார்கள்.

இப்போது அந்தக் கோட்டைப் பாருங்கள். யு0121 என்றால் "ஏபிஎஸ் மொட்யூலோடு தொடர்பு இல்லை" என்பதுதான் அர்த்தம். "ஏபிஎஸ் மொட்யூல் பழுது" என்று அது சொல்லவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர் இடாப்பு கூப்பிடுகிறார், ஒரு பிள்ளை பதில் சொல்லவில்லை. அவர் 'வரவில்லை' என்று குறிப்பார். பிள்ளைக்குக் காய்ச்சலா, வரும் வழியில் ரோட்டு மூடியதா என்பது இடாப்பில் இருக்காது. யு என்று தொடங்கும் கோட்கள் பலவும் அந்த இடாப்பு மாதிரித்தான். மொட்யூல் பழுதாகலாம். அதற்குக் கரண்ட் போகாமல் இருக்கலாம். வயர் அறுந்திருக்கலாம். மூன்றுக்கும் வருவது ஒரே கோட்.

அப்படியென்றால் எப்படிப் பிரித்து அறிவது? முதலாவது, ஒரு மொட்யூலின் கோட்டை மட்டும் பார்க்காமல் எல்லா மொட்யூல்களிலும் பதிந்திருப்பதைப் பார்க்க வேண்டும். லைட் எரியாத ஒரு காய்ந்த நாளில் நான் ஏபிஎஸ் மொட்யூலையே திறந்து வாசித்தேன். அதற்குள் யு0100 இருந்தது: "எஞ்சின் மொட்யூலோடு தொடர்பு இல்லை." அதாவது, மற்றவர்கள் இதைக் காணவில்லை என்று எழுதியிருக்க, இதுவும் மற்றவர்களைக் காணவில்லை என்று எழுதி வைத்திருந்தது. செத்துப்போன மொட்யூல் அப்படி எழுதாது. அதற்குக் கரண்ட் இருந்திருக்கிறது, விழித்திருந்திருக்கிறது. பாதைதான் அடைபட்டிருக்கிறது.

இரண்டாவது, மல்ரிமீற்றர். கேன் வயரின் இரண்டு நுனிகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். சிக்னல் நுனியில் பட்டுத் திரும்பி வந்து குழப்பாமல் இருக்கத்தான் அது. 120 இரண்டு பக்கம் பக்கமாக இருந்தால் கணக்கு 60 ஓம். பற்றரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சொக்கெட்டின் 6ஆம், 14ஆம் பின்களுக்கு இடையில் அளந்தால் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூச்சியத்துக்குக் கிட்ட என்றால் இரண்டு வயரும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. (கனக்கப் புதிய கார்களில் இந்தச் சொக்கெட் உள் வயர்களோடு நேரே தொடுக்கப்பட்டிருக்காது. அங்கே இந்த அளவு பொருந்தாது.)

ஞாயிற்றுக்கிழமை நான் மீற்றரைப் பார்க்க, அப்பா முன் இடது சில்லுக்குப் பக்கத்தால் போகும் வயர்க் கட்டை மெல்ல அசைத்தார். 60, 60, பிறகு திடீரென்று 120. ஒரு முனையின் தடை அந்தக் காரில் ஏபிஎஸ் மொட்யூலுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் மொட்யூலின் பிளக்கைக் கழற்றி அதைத் தனியாக அளந்தேன். ஆடாமல் அசையாமல் 120 காட்டியது. மொட்யூல் நல்லாயிருக்கு. சில்லுக்கு மேலே இருந்த இணைப்பைத் திறந்தால் உள்ளே ஒரு பின் பச்சையாகப் பூத்திருந்தது. விண்டரில் ரோட்டுக்குப் போடுகிற உப்புத் தண்ணி.

இன்னொரு சின்னக் கராஜில் அந்த இணைப்பை மாற்றி, வயரை முன்பிருந்த மாதிரியே முறுக்கிப் போட்டார்கள். 1,900 குரோனர் முடிந்தது. சூனில் பாஸ்.

முதல் கராஜ்காரர் ஏமாற்றப் பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. கோட்டில் பெயர் வந்த பாகத்தை மாற்றுவது அவசரத்தில் நடக்கிற விஷயம். ஆனால் எங்கட அப்பா அம்மா மறுகேள்வி கேட்கமாட்டார்கள். டெனிஷ் தடுமாறும், "படிச்சவங்கள் சொல்றாங்கள்" என்ற மரியாதையும் சேரும். பக்கத்தில் நிற்கிற நாங்கள்தான் கேட்க வேண்டும்.

மூன்று கேள்வி போதும். மற்ற மொட்யூல்களில் என்ன கோட் பதிந்திருக்கிறது? இந்த மொட்யூலுக்கு வரும் கரண்டையும் ஏர்த்தையும் அளந்தீர்களா? கேன் வயரில் எத்தனை ஓம் காட்டியது?

ஒரு எச்சரிக்கை: ஏர்பேக் வயர்களில் நீங்களாக மீற்றரை வைக்க வேண்டாம், அது வெடிக்கக்கூடியது. ஏபிஎஸ் லைட் மட்டும் எரிகிறது என்றால் வழமையான பிரேக் பொதுவாக வேலை செய்யும், ஆனால் ஐஸில் சில்லு இறுகிச் சறுக்கும். திருத்தும்வரை பிள்ளைகளை வேறு காரில் ஏற்றுங்கோ.

கேள்விகளை டெனிஷில் எழுதிக்கொண்டு போங்கோ. நல்ல மெக்கானிக் கோபிக்கமாட்டார். மீற்றரை எடுத்துக்கொண்டு வந்து உங்களுக்கே காட்டுவார்.